பட்டம் பெறுவதா, வாங்குவதா?

பன்னிரண்டாம் வகுப்பின் தேர்வு முடிவு மே திங்களில் வெளிவருகிறது. வெளிவந்த நாள் முதற்கொண்டு, தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு வரையில், வீடுதோறும் ஒரே பேச்சுத்தான். மகனை எங்கே சேர்ப்பது? மகளை எங்கே சேர்ப்பது? அரசுக் கல்லூரியா, தனியார் பல்கலைக்கழகமா? மதிப்பெண் பட்டியலை ஒரு கையிலும் வங்கிப் புத்தகத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு தந்தை கணக்குப் போடுகிறார். கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார் தாய்.

இது வீட்டுக் கணக்கு; இதிலே கொள்கைக்கு என்ன வேலை என்று கேட்பார் உளர். வேலை இருக்கிறது, தோழர்களே! கல்வி எவருக்கு உரியது என்ற கேள்விக்கு விடை தேடித்தான் இந்த நாட்டிலே ஒரு நூற்றாண்டுக் காலம் நாம் போராடினோம். பிறப்பைக் காட்டி மூடப்பட்ட கதவைத் தட்டித் திறந்தோம். இன்று பணத்தைக் காட்டித் திறக்கும் கதவு ஒன்று நம் ஊர்ச் சாலையிலேயே நிற்கிறது. அதன் வழியே நுழைவது சரியா? நுழையாதிருப்பது அறிவுடைமையா? நுழைந்தவனைக் குறை கூறலாமா? இவை அறக் கேள்விகள். அறக் கேள்விகளுக்கு ஆத்திரத்தால் விடை கூறுவது பகுத்தறிவாளனுக்கு அழகன்று. இரு பக்கத்தையும் எடையிட்டே கூற வேண்டும்.

சிங்கப்பெருமாள் கோவிலை எடுத்துக்கொள்வோம். பாறையைக் குடைந்து பல்லவர் காலத்தில் அமைத்த நரசிம்மர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். இன்று அந்த ஊரின் பொழுதை ஆள்வது கோயில் மணியன்று. ஆலைகளின் முறைநேரமும் மின்சார இரயிலின் வருகையுமே! ஒரு புறம் மறைமலை நகர்த் தொழிற்பேட்டை; மறு புறம் மகிந்திரா வேர்ல்டு சிட்டி; ஒரகடத்தை நோக்கி ஓடும் சாலை. அந்த ஊர் இரயில் நிலையத்தில் நிற்கும் மாணவன், சென்னைக்குப் போகும் வண்டியில் ஏறினால் மறைமலை நகர், காட்டாங்குளத்தூர் கடந்து பொத்தேரி வரும், அங்கே எஸ்.ஆர்.எம். நிறுவனத்தின் மாடமாளிகைகள். மேலும் போனால் வண்டலூர், அங்கே கிரசென்ட். எதிர்த் திசையில் ஏறினால் பரனூரைக் கடந்து செங்கற்பட்டு. அங்கே 1965-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும், 1970-இல் தொடங்கிய இராசேசுவரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரியும் உள்ளன. ஒரே நிலையம், இரு திசை. ஒரு திசையில் கட்டணம் சில ஆயிரம். மற்றொரு திசையில் சில இலட்சம். எந்தத் திசையில் ஏறுவது என்பதே வினா.

இந்த நிலை எப்படி வந்தது? அதை முதலில் அறிவோம்.

கிண்டியில் இன்று நிற்கும் பொறியியல் கல்லூரியின் வேர், 1794-இல் தொடங்கிய நிலஅளவைப் பள்ளியில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது 1857-இல். எனினும் அந்த நிழலிலே நெடுங்காலம் இளைப்பாறியவர் யார்? எண்ணிக்கையிலே சிறுபான்மையர், இடங்களிலே பெரும்பான்மையர்! அந்த அநீதியைத் தகர்க்கத்தான் நீதிக் கட்சி ஆட்சி 1921-இல் வகுப்புவாரி ஆணை பிறப்பித்தது. அந்த உரிமை 1950-இல் உயர்நீதிமன்றத்திலும், 1951-இல் உச்சநீதிமன்றத்திலும் செல்லாது என்று ஆக்கப்பட்டது. வழக்கு எதைப் பற்றியது? மருத்துவக் கல்லூரி இடத்தையும் பொறியியல் கல்லூரி இடத்தையும் பற்றியது! தமிழகம் கொதித்தது. அதே 1951-இல் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, 15-ஆம் பிரிவிலே நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. ஒரு கல்லூரி இடத்துக்காக ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டமே திருத்தப்பட்டது என்றால், அந்த இடத்தின் மதிப்பு என்ன என்பதை எண்ணிப் பாருங்கள்.

பிறகு பள்ளிகள் பெருகின. பகலுணவு வந்தது. படித்தவர் தொகை வளர்ந்தது. பள்ளியை முடித்து வெளியே வந்த பிள்ளைகள் கல்லூரி வாயிலிலே கூடினர், உள்ளே இடமில்லை. அரசு புதுக் கல்லூரிகளைப் போதிய அளவில் கட்டியிருக்க வேண்டும், கட்டவில்லை. எம்.ஜி.இராமச்சந்திரன் முதலமைச்சராய் இருந்தபோது, 1984-ஐ ஒட்டி, சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறந்து விடப்பட்டது. சென்னையின் தென்புறத்திலே நிலம் இருந்தது, சாலை இருந்தது, இரயில் இருந்தது. 1984-இல் கிரசென்ட், 1985-இல் காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம்.; அதே ஆண்டு படூரில் இந்துஸ்தான். கல்லூரியாய்ப் பிறந்தவை பின்னர் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களாய் வளர்ந்தன, எஸ்.ஆர்.எம். அந்த நிலையை 2002-இல் பெற்றது. ஏரிகளின் மாவட்டம் என்று பேர்பெற்ற செங்கற்பட்டு, கல்லூரிகளின் மாவட்டமாகவும் ஆயிற்று.

இதனால் விளைந்த நன்மையை மறைக்கலாமா? மறைத்தல் நேர்மையன்று.

முதல் நன்மை, இடம். 2021-22 ஆண்டுக்கான அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரி செல்லும் அகவையினரில் தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு; இந்தியாவின் சராசரி 28.4. இந்த உயர்வு அரசுக் கல்லூரிகளால் மட்டும் வந்ததன்று. தனியார் கூடங்கள் இல்லையேல், எத்தனையோ உழவர் வீட்டுப் பிள்ளைகள், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள், பொறியாளர் என்ற சொல்லை ஏட்டிலே மட்டும் பார்த்திருப்பர்.

இரண்டாவது நன்மை, தேர்வுக்கு இடங்கொடுத்தல். அரை மதிப்பெண் குறைந்ததால் ஒருவன் விரும்பிய பாடம் அரசுக் கல்லூரியில் கை நழுவுகிறது. அரை மதிப்பெண்ணா ஒருவனின் அறிவை அளப்பது? விருப்பமில்லாத பாடத்தை நான்கு ஆண்டு சுமப்பதைவிட, விரும்பிய பாடத்தைப் பணம் கொடுத்துப் படிப்பது மேல் என்று அவன் எண்ணினால், அந்த எண்ணத்தை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை.

மூன்றாவது, வசதி. ஆய்வுக்கூடம், நூலகம், விடுதி, வேலைக்கு ஆளெடுக்க வளாகத்துக்கே வரும் நிறுவனங்கள், பிற மாநிலத்து மாணவரோடு பழகும் வாய்ப்பு ஆகியவை சில தனியார் கூடங்களிலே நன்றாகவே உள்ளன. பாடத்திட்டத்தைக் காலத்துக்கேற்ப விரைந்து மாற்றிக்கொள்ளும் உரிமையும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு உண்டு. தொலைவிலுள்ள நகருக்கு மகளை அனுப்ப அஞ்சும் குடும்பம், இரண்டு நிலையம் தள்ளியிருக்கும் கல்விக்கூடத்துக்கு அனுப்புகிறது. ஒரு பெண் பட்டம் பெறுகிறாள். இந்த நன்மை சிறிதா?

நான்காவதாக ஒன்று கூறுவர்: “தனியார் என்றாலே தீமையா? பச்சையப்பர் அரசாங்கமா? அண்ணாமலையார் அரசாங்கமா? அழகப்பர் அரசாங்கமா?” நல்ல கேள்வி. 1794-இல் மறைந்த பச்சையப்பரின் அறப்பொருளால் எழுந்த கல்லூரியிலேதான் அறிஞர் அண்ணா படித்தார். 1929-இல் தில்லைக்கருகே தனிமனிதர் கொடையால் எழுந்தது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். மின்வேதியியல் ஆய்வுக்கூடம் காரைக்குடிக்கு வர அழகப்பர் 300 ஏக்கர் நிலம் ஈந்தார். நம் இரயில் பாதையிலேயே குரோம்பேட்டையில் நிற்கிறதே எம்.ஐ.டி., அது 1949-இல் சி.இராசம் தம் இல்லத்தை விற்ற பணத்தை முதலாக வைத்து எழுப்பியது. அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தும் சேர்வதற்கு வேண்டிய ஆயிரம் ரூபாய் அளவுக்குப் பணமின்றி நின்றார் இராமேசுவரத்து இளைஞர் ஒருவர். அவர் தமக்கை சொகரா தம் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். அந்த இளைஞரே பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். “பார்த்தீர்களா! நகையை அடகு வைத்துப் படித்தவர் நாட்டின் தலைவரானார். நீங்கள் ஏன் தடுக்கிறீர்கள்?” என்று வாதிடுவோர் உண்டு.

இந்த வாதத்தை ஊன்றிப் பார்க்க வேண்டும். இதிலேதான் வினாவின் முடிச்சு இருக்கிறது.

இராசம் வீட்டை விற்றுக் கல்லூரி கட்டினார். இன்றோ கல்லூரியில் சேர மாணவனின் தந்தை வீட்டை விற்கிறார்! இரண்டிலும் ஒரு வீடு விற்கப்படுகிறது. யாருடைய வீடு என்பதிலேதான் அறம் இருக்கிறது. கொடையால் எழுந்த கூடத்திலே முதல் போட்டவர் கொடையாளர். கட்டணத்தால் வளரும் கூடத்திலே முதல் போடுபவர் மாணவரின் பெற்றோர். முன்னதிலே செல்வர் ஏழைக்குக் கொடுத்தார். பின்னதிலே நடுத்தட்டு மக்களும் ஏழைகளும் கடன் வாங்கிக் கொடுக்க, அதைக் கொண்டு அடுத்த மாடி எழுகிறது. இரண்டையும் ‘தனியார்’ என்ற ஒரே சொல்லால் அழைத்து, பச்சையப்பரின் புகழை மற்றவருக்கும் பங்கு வைப்பது சொல்லின் மயக்கமே. கொடையும் குறையற்றதன்று, பச்சையப்பன் கல்லூரியின் கதவுகூட ஆதி திராவிட மாணவருக்கு நெடுங்காலம் மூடிக் கிடந்ததை நாம் மறக்கவில்லை. பொதுமக்களின் கேள்விக்கு ஆட்பட்ட பிறகே அதுவும் திறந்தது. எம்.ஐ.டி. 1978-இல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்து பொதுச் சொத்தாயிற்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-இல் அரசே மேற்கொண்டது. தனியார் தொடங்கினாலும் பொதுவிலே வந்து சேரும் பாதை ஒன்று இருந்தது என்பதற்கு இவை சான்று.

கலாமின் கதையோ? கரை சேர்ந்தவரின் கதை அது. கரை சேர்ந்தவரைக் காட்டிக் கடலின் ஆழத்தை மறைப்பது பகுத்தறிவாகாது. வேண்டுதல் பலித்தவன் மட்டும் கோயிலில் வந்து சொல்கிறான். பலிக்காதவன் வீட்டிலே இருக்கிறான் என்பதை நாம் எத்தனை மேடைகளிலே விளக்கியிருக்கிறோம்! அதே அளவுகோலை இங்கேயும் வைக்க வேண்டாமா? அடகு வைத்த வளையல் மீளாமலே போன தமக்கையர் எத்தனை பேர்? அவர்களைப் பற்றி எவரும் நூல் எழுதுவதில்லை.

கணக்கைப் பார்ப்போம். ஒருவன் நான்கு ஆண்டுப் படிப்புக்கு 10 இலட்சம் ரூபாய் கடன் வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டி. 10 ஆண்டிலே தீர்க்க வேண்டும். படிக்கும் காலத்து வட்டியை விட்டுவிட்டாலும், மாதந்தோறும் ஏறத்தாழ 13,200 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 16 இலட்சம். முதல் வேலையில் அவன் 20,000 ரூபாய் ஊதியம் பெறுகிறான் என்றால், கையில் மிஞ்சுவது 6,800. அதிலே வாடகை எங்கே, உணவு எங்கே, தங்கையின் படிப்பு எங்கே?

வேலை நிலையானதாயிருந்தால் ஒருவாறு தாங்கலாம். சிங்கப்பெருமாள் கோவிலின் மக்களுக்கு வேலையின் நிலையாமையை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. பக்கத்து மறைமலை நகரிலே ஃபோர்டு ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. எத்தனை நம்பிக்கையோடு அந்த ஆலையைச் சுற்றி வீட்டுக் கடன்களும் கல்விக் கடன்களும் வாங்கப்பட்டிருந்தன! ஆலை நிற்கும், தவணை நிற்காது.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. கல்வியின் பயன் யாது? கூலி பெறுவது மட்டுமா? ஏன், எதற்கு, எப்படி என்று கேட்கும் துணிவைப் பெறுவதல்லவா? கடன்பட்டவனிடம் அந்தத் துணிவு எத்தனை நாள் நிற்கும்? தவணை நாள் நெருங்கும்போது, அநீதியான வேலை என்று தெரிந்தும் ஒருவனால் மறுக்க முடிவதில்லை. வரலாறு படிக்க விரும்பியவன் கணிப்பொறி படிக்கிறான். ஆராய்ச்சி செய்ய விரும்பியவள் கிடைத்த வேலையில் ஒட்டிக்கொள்கிறாள். தொழிற்சங்கத்தில் சேர அஞ்சுகிறான். வரதட்சணை வாங்கியாவது கடனை அடைக்கலாம் என்று வீட்டார் சொல்லும்போது வாய்மூடி நிற்கிறான். விடுதலை தரவேண்டிய கல்வி விலங்கோடு வருகிறது. பலருக்கு அந்த விலங்கு கண்ணுக்குத் தெரிவதில்லை; அதனால் அதன் கனம் குறைந்துவிடாது.

இனி, நம் நெஞ்சுக்கு நெருக்கமான மற்றொரு கேள்விக்கு வருவோம். சமூக நீதி எந்த வாயிலில் நிற்கிறது?

தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு 69 விழுக்காடு. 1993-இல் சட்டமாகி, 1994-இல் அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் இடம்பெற்றது. அரசுக் கல்லூரியில் அது முழுமையாகச் செல்லும். பல்கலைக்கழகத்தோடு இணைந்த சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில், மொத்த இடங்களில் 65 விழுக்காடு, சிறுபான்மையினர் கல்லூரியானால் 50 விழுக்காடு, அரசின் கலந்தாய்வுக்கு வருகிறது. அந்த இடங்களிலே இடஒதுக்கீடு செல்லும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்க்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் 7.5 விழுக்காடு அங்கே செல்லும். அவர்களின் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கு 2010 முதல் தரப்படும் கட்டணச் சலுகையும் கலந்தாய்வு வழி சேர்ந்தவர்க்கு உண்டு. ஆனால் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தானே தேர்வு வைக்கிறது, தானே சேர்க்கிறது, தானே கட்டணம் குறிக்கிறது. மாநிலக் கலந்தாய்வு அதன் வாயிலுக்குள் நுழைவதில்லை. கலந்தாய்வோடு வரும் உரிமைகளும் நுழைவதில்லை.

சட்டம் இதிலே ஆடிய ஆட்டத்தையும் அறிந்துகொள்வோம். அரசின் உதவி பெறாத தனியார் கூடங்களில் அரசு இடஒதுக்கீட்டைச் சுமத்த முடியாதென்று 2005-இல் உச்சநீதிமன்றம் இனாம்தார் வழக்கில் கூறிற்று. உடனே நாடாளுமன்றம் 93-ஆம் திருத்தத்தால் 15-ஆம் பிரிவில் ஐந்தாம் உட்பிரிவைச் சேர்த்து, தனியார் கூடங்களிலும் ஒதுக்கீடு தரச் சட்டம் இயற்றலாம் என்று வழி வகுத்தது. 2014-இல் உச்சநீதிமன்றமும் அது செல்லும் என்றது. வழி வகுத்தாயிற்று, நடந்தார்களா? 2006-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் மத்திய அரசின் கல்வி நிறுவனங்களோடு நின்றது. தனியார் உயர்கல்விக் கூடங்களிலும் ஒதுக்கீடு தரத் தனிச் சட்டம் வேண்டுமென்று 2025-இல் நாடாளுமன்ற நிலைக்குழுவே பரிந்துரைத்தது. சாலை போட்டுவிட்டு வண்டி விட மறந்தவர் போல நிற்கின்றனர்!

நிலைமையின் உட்பொருள் இதுதான்: நாம் வென்றது ஒரு வாயிலில், கல்வியோ வேறொரு வாயில் வழியே வெளியேறிக்கொண்டிருக்கிறது. அரசுக் கல்லூரியில் 69 விழுக்காடு பத்திரமாக இருக்கும். ஆனால் உயர்கல்வியின் பெரும்பகுதி அங்கே இருக்காது. சாதியின் பெயரால் ‘வராதே’ என்று சொல்வது குற்றம். ‘பணத்தோடு வா’ என்று சொல்வது குற்றமன்று. யாரிடம் தலைமுறை தலைமுறையாய்ப் பணம் சேர்ந்திருக்கிறதோ அவரிடம் சொல்லும்போது அது அழைப்பு. யாரிடம் சேரவிடவில்லையோ அவரிடம் சொல்லும்போது, அது பழைய ‘வராதே’ தான்!

“அப்படியானால், அங்கே படிக்கப் போகும் நம் இளைஞன் கொள்கைக்குத் துரோகியா?” என்று கேட்கிறீர்கள். இல்லை என்போம். கொளவாய் ஏரி போன்ற நீர்நிலைகள் நிறைந்த நாட்டில், வீடுதோறும் குடிநீரைக் குப்பியிலே விலைக்கு வாங்குகிறார்கள். வாங்குகிறவனா குற்றவாளி? தாகம் அவனுடையது, ஏரியைப் பாழாக்கிய பழி அவனுடையதன்று. ஆனால், குப்பி நீர் கிடைக்கிறதே, இனி ஏரி எதற்கு என்று அவன் கேட்கத் தொடங்கினால், அப்போது அவன் குற்றத்திலே பங்காளி ஆகிறான். தனியார் கூடத்திலே படிப்பவன் குற்றவாளியல்லன். படித்த பிறகு அரசுக் கல்லூரி எதற்கு, ஒதுக்கீடு எதற்கு என்று கேட்பவன் குற்றவாளி.

எனினும் ஒரு கோட்டை அழுத்தமாக வரைந்தே ஆக வேண்டும். அறிவித்த கட்டணம் வேறு. மறைவிலே தரும் நன்கொடை வேறு. இரண்டாவதைத் தமிழ்நாட்டுச் சட்டம் 1992-லேயே தடை செய்தது. அதே ஆண்டு மோகினி செயின் வழக்கில் உச்சநீதிமன்றமும் அதைக் கண்டித்தது. நன்கொடை என்ற பெயர் அதற்கு ஏன்? நன்மையும் இல்லை, கொடையும் இல்லை. அது கையூட்டு. கட்டணம் கட்டுபவன் தன் பையைக் காலியாக்குகிறான். கையூட்டுத் தருபவன் தகுதியுள்ள மற்றொருவனின் இடத்தைக் காலியாக்குகிறான். இரண்டாவதற்கு எந்தத் தேவையும் நியாயம் ஆகாது. எந்தத் தாயின் கண்ணீரும் அதைக் கழுவாது.

மற்றொன்று, பெயர்ப்பலகை மயக்கம். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தும், “அங்கேயா படிக்கிறான்?” என்று உறவினர் கேட்பாரே என்ற வெட்கத்தால் இலட்சங்களைக் கொட்டுவோர் உண்டு. நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரங்கள் புதிய தல புராணங்கள்! அங்கே சென்றவர்க்கெல்லாம் அயல்நாட்டு வேலை, வணங்கியவர்க்கெல்லாம் வரம் என்று பாடுகின்றன. பெயரில் மயங்காதீர். நிகர்நிலைக் கூடங்கள் தம் பெயரிலே பல்கலைக்கழகம் என்று போடக்கூடாதென்று 2017-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. அதன்பின் எத்தனை பெயர்ப்பலகைகள் மாறின! 2009-இல் டாண்டன் குழு 44 நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அந்தத் தகுதிக்கே உரியவையல்ல என்று கூறியது. அவற்றுள் தமிழகத்தில் இருந்தவையும் பல. வழக்குகளும் மறுஆய்வுகளும் பின்னர் நடந்தன என்றாலும், பெயர் வேறு, தரம் வேறு என்ற பாடம் நிலைக்கிறது.

ஆகவே கேள்வி கேளுங்கள். நான்கு ஆண்டுக்கும், விடுதிக்கும், தேர்வுக்கும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? இந்தப் படிப்புக்குத் தரச்சான்று உண்டா? ஆசிரியர் நிலையானவரா, ஆண்டுக்கொருவர் மாறுகிறாரா? வேலை பெற்றோரில் உச்ச ஊதியம் என்ன என்று கேட்காதீர். நடுவரிசையில் நிற்பவனின் ஊதியம் என்ன என்று கேளுங்கள். மாணவர் மன்றத் தேர்தல் உண்டா? மாற்றுக் கருத்தைப் பேச இடமுண்டா? பாடம் நடத்துபவரும், வினாத்தாள் அமைப்பவரும், மதிப்பெண் இடுபவரும், கட்டணம் வாங்குபவரும் ஒருவரேயாயின், அதைக் கண்காணிப்பவர் யார்? விடை தர மறுக்கும் கூடத்துக்கு விலை தராதீர்.

உலகைப் பாருங்கள். இங்கிலாந்து 1998-இல் ஆண்டுக்கு ஆயிரம் பவுன் கட்டணத்தோடு தொடங்கிற்று. 2012-இல் அது 9,000 பவுன் வரை ஏறிற்று. செருமனியோ கட்டணம் வாங்கிப் பார்த்து, மக்கள் எதிர்ப்பால், 2014-க்குள் எல்லா மாநிலங்களிலும் அதைக் கைவிட்டது. சிலி நாட்டு மாணவர் 2011-இல் தெருவில் இறங்கினர்; 2016 முதல் ஏழைக் குடும்பத்து மாணவர்க்குக் கட்டணமில்லாக் கல்வி அங்கே தொடங்கியது. எது ஏறியது, எது இறங்கியது என்பதைத் தீர்மானித்தது பொருளாதார விதி மட்டுமன்று, மக்களின் குரல்!

அந்தக் குரலின் ஆற்றலை நாமும் கண்டோம். தனியார் பல்கலைக்கழகம் தொடங்க 100 ஏக்கர் நிலம் வேண்டும் என்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். 2025 அக்டோபரில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறிய திருத்தம், மாநகராட்சியில் 25 ஏக்கர், நகராட்சியிலும் பேரூராட்சியிலும் 35, பிற இடங்களில் 50 போதும் என்றது. இருக்கும் கல்லூரிகளே தனியார் பல்கலைக்கழகங்களாக மாறவும் வழி தந்தது. மக்களின் வரிப்பணத்தில் ஆசிரியர்க்கு ஊதியம் தந்து வளர்த்த உதவிபெறும் கல்லூரிகள் நாளை தனியார் பல்கலைக்கழகமானால், ஒதுக்கீடு என்னாகும், குறைந்த கட்டணம் என்னாகும் என்று ஆசிரியர் அமைப்புகளும் கட்சிகளும் கேட்டன. சில நாட்களில், அதைத் திரும்பப் பெற்று மறுஆய்வு செய்வதாக அரசு அறிவித்தது. கேட்டதால் நின்றது. கேளாதிருந்தால்?

எடையிட்டாயிற்று, தீர்ப்பைக் கூறுவோம். விரும்பிய பாடம் அரசுக் கல்லூரியிலோ உதவிபெறும் கல்லூரியிலோ கிடைக்குமாயின் அதுவே முதல் தேர்வு. வெட்கம் வேண்டாம், அது உம் முன்னோர் போராடிப் பெற்ற இடம். அடுத்தது, கலந்தாய்வு வழி வரும் இடம், 7.5 விழுக்காடு, முதல் பட்டதாரிச் சலுகை, உதவித்தொகை ஆகியவற்றை ஒன்றுவிடாமல் கேட்டுப் பெறுக, அவை பிச்சையல்ல. தனியார் பல்கலைக்கழகம் மூன்றாவது. பாடம் வேறெங்கும் கிட்டாதபோது, கடன் தாங்கும் அளவினதாய் இருக்கும்போது, கேட்ட கேள்விக்கு நேரிய விடை வந்தபோது. கையூட்டு எப்போதும் இல்லை!

அங்கே சேர்ந்தவரும் நம்மவரே. பொத்தேரியில் இறங்குபவனுக்கும் செங்கற்பட்டில் இறங்குபவனுக்கும் நடுவே பகையில்லை. முன்னவனுக்குக் கூடுதலாக ஒரு கடமை உண்டு: தன் தம்பிக்கும் தங்கைக்கும் இந்த விலை கேட்கப்படாத நாள் வரவேண்டும் என்று பேச வேண்டும். அரசுக் கல்லூரிகளில் புது இடங்கள் வேண்டும். காலியான ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். 15-ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவுக்கு உயிர் தரும் சட்டம் வேண்டும். தனியார் கூடங்களின் கணக்கு ஊரறிய வெளியாக வேண்டும். இவற்றை இரு திசை மாணவரும் ஒரு குரலில் கேட்க வேண்டும்.

நம் பாட்டன்மார்க்கு எழுத்தைத் தடுத்தார்கள். நம் தந்தையர் வாதாடி எழுத்தைப் பெற்றார்கள். நம் பிள்ளைகள் அதை விலை கொடுத்து மீண்டும் வாங்க வேண்டுமென்றால், நடுவிலே நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்ற கேள்வி எழும். அதற்கு விடை வைத்திருப்போம், தோழர்களே!